சாவி ஏன் சுட்டது

"சாவி சுடுதுக்கா" என்று பொன்னுரங்கம் முதல் தடவை சொன்னபோது, லீவுக்கு அடிபோடுகிறான் என்றுதான் நினைத்தேன். சித்திரை வெயிலில் சென்னையில் எதுதான் சுடாது? ஸ்டியரிங் சுடும், சீட் சுடும், பின்னால் அடுக்கியிருக்கும் தேக்சா சுடும். சாவி மட்டும் என்ன மகாராணியா?

மீர்சாகிப்பேட்டையில் எங்களுக்குப் பாத்திரக்கடை. பிரியாணி தேக்சாவிலிருந்து பாயசக் கரண்டி வரை கல்யாண வீடுகளுக்கு வாடகைக்குக் கொடுக்கிறோம். கடை போர்டில் மெஹபூப் அலி என்று என் வீட்டுக்காரர் பெயர்தான் இருக்கும். சர்க்கரையில் அவருக்குக் கால் புண்ணாகி ஒரு வருடம் ஆகிறது. நாற்காலியை விட்டு அதிகம் எழுவதில்லை. அதிலிருந்து பிக்கப் வண்டியில் பாத்திரத்தோடு மண்டபம் மண்டபமாகப் போய் வருவது நான். ஓட்டுவது பொன்னுரங்கம். வண்டிக்குப் பதினெட்டு வயது. பொன்னுரங்கம் எங்களிடம் சேர்ந்து பதினோரு வருடம்.

என்னைப் பற்றியும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நூறு கரண்டி வெளியே போனால் தொண்ணூற்றெட்டுதான் வீடு திரும்பும். அந்த இரண்டைத் தேடித் தேடியே எல்லோரையும் ஒரு கண்ணால் பார்க்கப் பழகிவிட்டேன். மண்டபத்துக்காரன், சமையல்காரன், மாப்பிள்ளையின் சித்தப்பா, யாரையும் விட்டு வைத்ததில்லை. நல்ல குணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் கடை நிற்பது அதனால்தான்.

அந்தக் கண் சித்திரையில் பொன்னுரங்கத்தின் மேல் விழுந்தது.

வண்டி முதல் தடவை நின்றது தியாகராய நகரில், உஸ்மான் ரோட்டில். பின்னால் இருந்த பஸ்காரன் அடித்த ஹாரனில் எனக்குக் காது அடைத்துப்போனது. ரப்பர் கருகுவது போல ஒரு வாடை. இருபது நிமிடம் சும்மா விட்டதும் ஒன்றும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனது. இரண்டாவது தடவை கோட்டூர்புரத்தில், நூலகத்துக்கு எதிரே. அதே வாடை, அதே இருபது நிமிடம். எலக்ட்ரீஷியனிடம் காட்டலாம் என்று பொன்னுரங்கம் அப்போதே சொன்னான். கல்யாண சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போட்டது நான்.

ஆனால் ஒரு விஷயம் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. பொன்னுரங்கம் தனியாகப் போகும் நாட்களில் வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. சாவி சுடுகிறது என்பான், அவ்வளவுதான். நான் ஏறி உட்கார்ந்தால்தான் நிற்கிறது. வண்டிக்கு என்னைத் தெரியுமா? தெரியாது. அப்படியானால் யாருக்கோ நான் கூட வருவது பிடிக்கவில்லை. நான் இல்லாவிட்டால் வேறு லோடு ஏற்றலாம், பாத்திரத்தைக் கைமாற்றலாம், எதையும் செய்யலாம்.

போதாததற்கு அவன் பேச்சும் குறைந்துவிட்டது. முன்பெல்லாம் அடையாறு போய் வருவதற்குள் ஊர்க்கதை முழுக்கச் சொல்லி முடித்துவிடுவான். பங்குனிக் கடைசியிலிருந்து கேட்டால் பதில், இல்லாவிட்டால் ரோடு. மடியில் கனம் இருக்கிறவனின் நடத்தை இது என்று முடிவு கட்டிவிட்டேன்.

மூன்றாவது தடவை அடையாறு பாலத்தின்மேல் நின்றது. ஒரு கல்யாண வீட்டிலிருந்து கழுவாத தேக்சாக்களை ஏற்றிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தோம். மணி பன்னிரண்டு. கீழே ஆற்று நாற்றம், பின்னால் எண்ணெய் நாற்றம், முன்னால் கருகல் நாற்றம். நான் கதவைத் திறந்து இறங்கி அவன் பக்கம் போனேன்.

"என்னடா பண்ணி வெச்சிருக்கே வண்டில?"

"இன்னாக்கா சொல்றீங்க?"

"நான் வந்தா மட்டும் நிக்குதே, அது எப்படி? எதைப் புடுங்கி எங்க சொருகினே, சொல்லு. பதினோரு வருஷமா சோறு போட்ட இடத்துல கை வெக்கிறியா?"

பாலத்தில் போகிற ஸ்கூட்டர்கள் வேகத்தைக் குறைத்துப் பார்த்தன. ஒருவன் நிறுத்தியே பார்த்தான். பொன்னுரங்கத்தின் முகம் கறுத்துச் சிறுத்துவிட்டது. அவன் என்னைப் பார்க்கவில்லை, பாலத்துக் கைப்பிடியைப் பார்த்தான்.

"எலக்ட்ரீஷியன் கைல காட்டிடலாம்க்கா. அவரே சொல்லட்டும்" என்றான்.

"காட்டத்தான் போறேன். அவர் மட்டும் எவனோ கை வெச்சிருக்கான்னு சொல்லட்டும், அன்னிக்கே உன் வேலை முடிஞ்சுது."

அவன் சரி என்பது போலத் தலையாட்டினான்.

வண்டி ஆறியதும் நேராகக் கிண்டிக்கு விடச் சொன்னேன். எஸ்டேட்டின் பின்பக்கம் ஃபராஸ் என்று ஒருவர், ஆட்டோ எலக்ட்ரீஷியன். தகர ஷெட்டும் ஒரு முருங்கை மரமும்தான் கடை. வயரைத் தவிர வேறெதைப் பற்றியும் பேசத் தெரியாதவர். அதனாலேயே அவரிடம் எனக்கு நம்பிக்கை.

ஃபராஸ் முதலில் பேட்டரி முனைகளை அசைத்துப் பார்த்தார். இறுக்கமாக இருந்தது. ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தார். எல்லாம் நன்றாக இருந்தது, ஒன்றுகூடப் போகவில்லை. பிறகு சாவியைப் போட்டு ஆன் செய்துவிட்டு, அதன் தலைமேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றார்.

"சுடுது. சுவிட்ச் முதுகுல எங்கியோ கரெண்ட் முட்டிக்கினு நிக்கிது" என்றவர், ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்தார். குனிந்தவர் அப்படியே நிமிர்ந்து கேட்டார். "இந்தக் கவரை யாருன்னா கழட்னாங்களா? பழைய வண்டி, ஸ்க்ரூ மட்டும் புதுசா மின்னுது."

நான் பொன்னுரங்கத்தைப் பார்த்தேன். அவன் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"தெரியாது" என்றான்.

பொய் சொல்கிறவனை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கரண்டியைப் பையில் போட்டுக்கொண்டு போகிறவர்கள் இப்படித்தான், வேறு எதையோ பார்த்துக்கொண்டு தெரியாது என்பார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"தெரியாதா? தினமும் நீதானே ஓட்டறே?"

அவன் செருப்பால் மண்ணைக் கீறினான்.

"சரி. சாவி இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். நீ கிளம்பு. நாளைலேர்ந்து வராதே."

ஃபராஸ் சங்கடத்தோடு தன் டெஸ்ட் லாம்பைத் துடைத்தார். பொன்னுரங்கம் கேபினுக்குள் கைவிட்டுத் தன் தண்ணீர் பாட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டான். "வரேன்க்கா" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. குற்றம் செய்தவன் எப்படிப் பேசுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கவரைக் கழற்றியதும் ஃபராஸ் உச்சுக்கொட்டினார். உள்ளேயிருந்து தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி ஒன்றை வெளியே இழுத்தார். அதிலிருந்து மெல்லிய வயர்கள் தொங்கின. ஒரு வயரின் பிளாஸ்டிக் உருகிக் கறுத்திருந்தது.

"என்ன இது?" என்றேன்.

"வண்டி எங்க கீதுன்னு போன்ல பாக்குற பெட்டிம்மா. தேவைப்பட்டா இன்ஜினைக்கூட அங்கேர்ந்தே நிறுத்தலாம். அதுக்காக இக்னிஷன் வயரை வெட்டி, இந்தப் பெட்டி வழியா சுத்திவுட்டு இருக்கான். வெட்டுன வயர் பாருங்க எவ்ளோ தடிமன். இவன் போட்டது பாருங்க, தலைமுடி. ஜாயின்ட்ட முறுக்கி டேப் சுத்திட்டான், அவ்ளோதான். வண்டிக்கு வேண்டிய கரெண்ட் மொத்தமும் இந்த முடி வழியாத்தான் போவணும். சுடாம இன்னா பண்ணும்?"

"ஃப்யூஸ் ஏன் போகலை?"

"ஃப்யூஸ் அந்தத் தடிமன் வயருக்குப் போட்டதும்மா. அது போறதுக்குள்ள முடி எரிஞ்சிடும். நீங்க தப்பிச்சது புண்ணியம்."

இருந்தாலும் என் கேள்வி தீரவில்லை. நான் இருக்கும்போது மட்டும் ஏன் நிற்கிறது? அதையும் கேட்டேன். ஃபராஸ் கேபினைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நான் உட்காரும் பக்கம் டேஷ்போர்டில் இருந்த சின்னக் காத்தாடியைக் காட்டினார்.

"இத்த யாரு போடுவா?"

"நான்தான்."

பங்குனி ஆரம்பத்தில் ஒரு நாள் பாண்டி பஜாரில் வெயிலில் மாட்டிக்கொண்டு எனக்கு மயக்கம் வந்துவிட்டது. மறுநாள் பொன்னுரங்கம் இந்தக் காத்தாடியை வாங்கி வந்து மாட்டினான். மயக்கம் வந்ததை நான் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் வீட்டுக்காரர் கால் புண்ணோடு தானே வண்டியில் ஏறிவிடுவார் என்று பயம்.

ஃபராஸ் காத்தாடியை நிறுத்திவிட்டு இன்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டார். சாவி சுட்டது, ஆனால் வண்டி ஓடியது. காத்தாடியைப் போட்டார். ஏழாவது நிமிடம் அந்தக் கருகல் வாடை வந்தது, பத்தாவதில் இன்ஜின் நின்றது.

"அவ்ளோதாம்மா. காத்தாடியும் அந்த முடி வழியாத்தான் கரெண்ட் இழுக்குது. பெட்டி இல்லாம இருந்தா காத்தாடி ஒண்ணுமே பண்ணாது. பெட்டியும் காத்தாடியும் சேர்ந்தாதான் தாங்கல."

அப்போதும் என் புத்தி எங்கே போனது தெரியுமா? பொன்னுரங்கம் எதற்காக இந்தப் பெட்டியை வைத்தான் என்று யோசித்தேன். ஃபராஸ் சிரித்தார். "ஓட்றவன் இன்னாத்துக்கும்மா வைப்பான்? அவன் எங்க கீறான்னு அவனுக்கே தெரியாதா? இது வூட்ல குந்திக்கினு பாக்குறவங்க வைக்கிறது. உள்ள சிம் இருக்கும், யாருதுன்னு பாத்துடலாம்."

சிம்மை எடுத்துத் தன் பழைய போனில் போட்டார். என் நம்பரைக் கேட்டு அழுத்தினார். என் கைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தேன். திரையில் பெயர் வந்திருந்தது. "தௌசீஃப் அத்தா 2."

தௌசீஃப் எங்கள் மகன், கத்தாரில் இருக்கிறான். கட்டிய மனிதரின் பெயரைப் போனில்கூட எழுத எனக்குக் கூச்சம், அதனால் மகன் பெயரைப் போட்டு அவன் அத்தா, அதாவது அப்பா, என்று வைத்திருக்கிறேன். இரண்டாம் நம்பர் அவருடைய பழையது. அதை எப்போதோ மூடிவிட்டதாக என்னிடம் சொல்லியிருந்தார்.

ஃபராஸ் அந்தப் பெட்டியைக் கழற்றி, பழைய தடிமனிலேயே புது வயர் போட்டு, காத்தாடிக்குத் தனியாக ஒரு லைனும் ஃப்யூஸும் வைத்தார். அரை மணி நேரம் ஓடவிட்டுச் சாவியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சூடே இல்லை. அவரே ஓட்டிவந்து என்னைக் கடையில் விட்டுவிட்டுப் போனார். வழியில் அவர் என்ன பேசினார் என்று எனக்கு நினைவில்லை.

உள்ளே என் வீட்டுக்காரர் மட்டும் இருந்தார். காலை முக்காலியில் நீட்டிவைத்திருந்தார். பெட்டியை அவர் முன்னால் வைத்தேன்.

"ஓ, கண்டுபுடிச்சிட்டியா?" என்றார், ஏதோ பெருநாள் பரிசை ஒளித்து வைத்திருந்தவர் போல. "வண்டிக்குப் பாதுகாப்பு. திருட்டு ரொம்ப ஆயிடுச்சுல்ல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்கிட்ட சொன்னா பொன்னுரங்கம் காதுக்குப் போயிடும்."

ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். இவரும் அவனைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறார், நானும் அவனைத்தான். முப்பது வருடத்தில் நாங்கள் ஒத்துப்போன இன்னொரு விஷயம் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே போய்த் தண்ணீர் குடிக்கலாம் என்று திரும்பினேன்.

"அந்தக் காத்தாடியையும் கழட்டியாச்சா?" என்றார் பின்னாலிருந்து.

"அதை ஏன் கழட்டணும்?"

"இல்ல, கேக்கறேன். எந்த டிரைவர் ஓனர் பொண்டாட்டிக்குக் காத்துவாங்க ஃபேன் வாங்கி மாட்டுவான், ஜமீலா?"

சுவரில் தொங்கிய கரண்டிகளைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றேன். எனக்கு நாற்பத்தொன்பது வயது. முழங்கால் வலி, மூக்குக் கண்ணாடி, அடுத்த வருடம் மகனுக்குக் கல்யாணம். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது கோபமில்லை, அவமானம். யாரோ என் முந்தானையைப் பிடித்துத் தெருவில் நிறுத்தியது போல இருந்தது. மயக்கம் வந்த கதையை அப்போதுதான் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "அப்பவே சொல்லியிருந்தா நான் ஏன் இப்படிப் பண்றேன்" என்றார். தப்பு கடைசியில் என் தலையில்தான் வந்து விடிந்தது. அன்றைக்கு அதற்குமேல் அவரோடு பேசவில்லை.

மறுநாள் காலை ஆட்டோ பிடித்துக் கோட்டூர்புரம் போனேன். ஹவுசிங் போர்டு குடியிருப்பில், மூன்றாவது பிளாக்கின் கீழே பொன்னுரங்கம் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் குழாயை மூடிவிட்டு லுங்கியை இறக்கிவிட்டான்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். அவன் பெயரைக் காப்பாற்ற வேண்டும், வேலையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆனால் என் வீட்டுக்காரர் உன்னையும் என்னையும் சேர்த்துச் சந்தேகப்பட்டார் என்று எந்த வாயால் சொல்வது? அதைக் கேட்ட பிறகு அவன் எப்படி எங்கள் வாசலை மிதிப்பான்? அதனால் பொய் சொல்வது என்று தீர்மானித்திருந்தேன்.

"வண்டி சரியாயிடுச்சு. உன்மேல தப்பு இல்ல. வண்டி எங்க போவுதுன்னு பாக்க ஒரு பெட்டி வெச்சிருந்தது, அதான் சூடு. நான்தான் வெச்சேன். உங்கிட்ட சொல்லாம வெச்சது தப்பு. மன்னிச்சுக்கோ."

அவன் குடத்தின் விளிம்பைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"நீங்க வெக்கலக்கா" என்றான் மெதுவாக.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பங்குனிக் கடைசில ஒரு வெள்ளிக்கிழமை டிபன் கேரியரை வண்டில வுட்டுட்டேன். எடுக்க வந்தா, ஒரு ஆளு உள்ள படுத்து வயரை வெட்டிக்கினு இருந்தான். பாய் பக்கத்துல சேர் போட்டு குந்திக்கினு இருந்தாரு. என் மேல டவுட்டா பாய்னு கேட்டேன். 'உன் மேல இல்லப்பா, நீ போ'ன்னாரு."

உன் மேல் இல்லை. அந்த மூன்று வார்த்தையும் என் காதில் ஏறி உட்கார்ந்துகொண்டன. சந்தேகம் என்மேல்தான் என்று என் டிரைவருக்கு ஒரு மாதமாகத் தெரிந்திருக்கிறது. அவன் பேசாமல் ரோட்டைப் பார்த்து ஓட்டியதும், கிண்டியில் முகத்தைத் திருப்பியதும் அதனால்தான்.

"பாலத்து மேல அவ்ளோ கத்தினேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

"இன்னான்னு சொல்றது? உங்க வூட்டுக்காரர் உங்கள பாத்துக்கினு கீறார்னா? அதான் எலக்ட்ரீஷியன் கைல காட்டலாம்னு சொல்லிக்கினே இருந்தேன்."

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. இவர்தான். எடுத்தேன்.

"எங்க இருக்கே?"

"கோட்டூர்புரத்துல, பொன்னுரங்கம் வீட்டு வாசல்ல" என்றேன். குழாயடியில் நின்ற இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். "திங்கக்கிழமை லோடுக்கு அவன்தான் ஓட்டப் போறான், நானும் கூடப் போகப் போறேன். உங்களுக்கு எதுனா பாக்கணும்னா வாங்க, நடு சீட்டுல உக்காந்து பாருங்க." அவர் ஏதோ சொல்ல ஆரம்பிப்பதற்குள் வைத்துவிட்டேன். நேற்றிலிருந்து அடைத்துக்கொண்டிருந்த நெஞ்சு கொஞ்சம் திறந்தது.

பைக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்து நீட்டினேன். பொன்னுரங்கம் வாங்கவில்லை.

"இல்லக்கா. நான் வரல."

"அதான் சொல்லிட்டேனே. அவர் இனிமே எதுவும் பேசமாட்டாரு."

"பாய் பத்தி இல்ல. அவரு நெனச்சது எனக்குத் தெரியும், தெரிஞ்சேதான் ஓட்டிக்கினு இருந்தேன். தாங்கிக்க முடிஞ்சுது." குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான். "பதினோரு வருஷமா என்னைப் பாக்குற நீங்க, நாலு பேரு பாக்க கேட்டீங்களே, அதான் தாங்கல. நாளைக்கு இன்னொரு வாட்டி வண்டி நின்னா, யாரைப் பாப்பீங்க? சொல்லுங்க."

உன்னைப் பார்க்கமாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். என்னை எனக்குத் தெரியும். சாவியைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அவன் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "வெயில் ஏறுதுக்கா. இருங்க, ஆட்டோ புடிச்சி வுடறேன்" என்று ரோட்டுப் பக்கம் நடந்தான்.